என் கல்யாணக் கேக்கை நானே சுட்டு அலங்கரிக்க ஆசை: 7 வாரம் போதுமா?

எலுமிச்சை (கேள்வி)

வணக்கம். இன்னும் 7 வாரத்தில் எனக்குக் கல்யாணம். கேக்கை வீட்டில் நானே செய்ய வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்குக் காரணம் ஒரு டின். 20 செ.மீ அகலம், ஓரம் லேசாக நெளிந்த அலுமினிய டின். அம்மா எனக்குப் பிறந்தநாள் கேக் எல்லாம் சுட்டது அதில்தான். 11 வயதில் நான் முதன்முதலாகச் சுட்டதும் அதில்தான். என் கல்யாணக் கேக்கின் ஒரு அடுக்காவது அந்த டின்னிலிருந்து வர வேண்டும்.

நாலு வருடமாக வார இறுதிகளில் கேக் சுடுகிறேன். பட்டர்கிரீம் பூசுவது ஓரளவு நன்றாகவே வரும். ஆனால் இதுவரை செய்ததில் பெரியது இரண்டு தட்டு (தனித்தனியாகச் சுட்ட வட்டக் கேக்) வைத்த 20 செ.மீ கேக்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதே இல்லை.

நினைத்திருப்பது இது: 80 பேருக்கு, 25, 20, 15 செ.மீ என்று மூன்று அடுக்கு. எலுமிச்சை ஸ்பாஞ்ச், உள்ளே எலுமிச்சை கர்ட் (எலுமிச்சைச் சாறு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய கூழ்), வெளியே வெள்ளை, மேலே நிஜப் பூக்கள். வரவேற்பு மாலை 4 மணிக்கு, ஒரு தோட்டத்தில், திறந்தவெளியில். வீட்டிலிருந்து காரில் 40 நிமிடம்.

போன ஞாயிறு 25 செ.மீ டின் வாங்கி ஒரு ஒத்திகை பார்த்தேன். என் 20 செ.மீ அளவை அப்படியே இரட்டிப்பாக்கி 180 டிகிரியில் சுட்டேன். ஓரம் காய்ந்துவிட்டது, நடு அமுங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு பயம் வந்துவிட்டது.

அளவை எப்படிப் பெருக்குவது? எத்தனை நாள் முன்னால் சுடலாம்? ஃபான்டன்ட் (மாவுபோல் தேய்த்துக் கேக்கைப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு) போடுவதா, பட்டர்கிரீமா? அடுக்கினால் சாயாமல் நிற்குமா? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மூன்றடுக்கு

முதலில் வாழ்த்துகள் தோழி. அந்த டின்னைப் பற்றிப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கல்யாணக் கேக்கை நானும் வீட்டில்தான் செய்தேன். அதே 25, 20, 15. உங்களுக்கு 7 வாரம் தாராளமாகப் போதும். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியத்துக்குமேல் உங்கள் கை கேக்கைத் தொடக் கூடாது. சுவை, பூச்சு, அலங்காரம் எல்லாவற்றையும் இந்த ஒரு விதியை வைத்தே தேர்ந்தெடுங்கள். அதற்குள் முடிக்க முடியாத எதுவும் உங்கள் கேக்கில் வேண்டாம்.

நான் அந்த விதியை வைத்துக்கொள்ளவில்லை. முந்தின இரவு 2 மணிக்குச் சமையலறையில் நின்று சர்க்கரைப் பூவுக்கு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தேன். காலையில் கண் எரிச்சலோடுதான் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். அந்தப் பூக்களை யாரும் குறை சொல்லவில்லை, அழகாகவே இருந்தன. ஆனால் அன்று இரவு அம்மாவோடு உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று இப்போதும் தோன்றும்.

சரி, அளவு. டின்னின் அகலத்தைப் பார்த்துப் பெருக்காதீர்கள், பரப்பளவைப் பாருங்கள். 15, 20, 25 என்ற எண்களை அதே எண்ணால் பெருக்கினால் 225, 400, 625. அதாவது 20 செ.மீ அளவு 1 என்றால் 25க்கு 1.56, 15க்கு 0.56. நீங்கள் இரட்டிப்பாக்கியதில் டின் நிறையவே மாவு ஏறியிருக்கும். நடு வேகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் 20 செ.மீ அடுக்குக்கு மூன்று தட்டு சுட்டேன். ஒவ்வொன்றும் சுமார் 3 செ.மீ உயரம். இடையில் கிரீம் வைத்து வெளியே பூசினால் 10 செ.மீ வந்துவிடும். அதற்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 375 கிராம், முட்டையும் ஓடு நீக்கி ஏறக்குறைய அதே எடை. மூன்று அடுக்குக்கும் சேர்த்து 3.12 மடங்கு. ஆக ஒவ்வொன்றும் 1,170 கிராம், முட்டை மட்டும் 23 வரும். இதை ஒரே நாளில் அடிக்க நினைக்காதீர்கள். வீட்டு மிக்ஸரும் தாங்காது, தோளும் தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு போதும்.

80 பேருக்குப் போதுமா என்றால், 2.5 செ.மீக்கு 5 செ.மீ அளவில் மெலிதாக வெட்டினால் 15இல் சுமார் 12, 20இல் 24, 25இல் 38 துண்டு வரும். மொத்தம் 74. நான் கூடவே ஒரு தட்டைக் கேக்கை, 23க்கு 33 செ.மீ டின்னில், அலங்காரமே இல்லாமல் சுட்டு உள்ளே வைத்திருந்தேன். 5 செ.மீ சதுரமாக அதில் 24 துண்டு. மேல் அடுக்கை யாருக்கும் வெட்டாமல் வைத்துக்கொள்ளவும் அதுதான் உதவியது.

எப்போது சுடுவது? இரண்டு அல்லது மூன்று வாரம் முன்னாலேயே சுடலாம். முழுக்க ஆறியதும் ஒவ்வொரு தட்டையும் கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்று, மேலே அலுமினிய ஃபாயிலில் ஒரு சுற்று சுற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் ருசி போய்விடும் என்று நானும் பயந்தேன். போகவில்லை. எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சுற்றியதைப் பிரிக்காமல் ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்து உருக விட வேண்டும். அப்போதுதான் ஈரம் சுற்றியிருக்கும் ஃபிலிமின் வெளியே படியும், கேக்கில் படியாது. குளிர்ந்த தட்டு உதிராது என்பதால் மேலே சீவிச் சமப்படுத்தவும் சுலபம்.

பூச்சுக்கு நான் ஸ்விஸ் மெராங் பட்டர்கிரீமைத்தான் சொல்வேன். 150 கிராம் முட்டை வெள்ளைக்கரு, 300 கிராம் சர்க்கரை, 450 கிராம் வெண்ணெய். வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவிமேல் வைத்துக் கிளறி 71 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், எத்தனையோ பேர் சாப்பிடப்போகும் கேக். பிறகு பாத்திரத்தின் அடி ஆறும்வரை அடித்து, மிதமாக இளகிய வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் திரிந்துபோன மாதிரி தெரியும். நிறுத்தாமல் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். தண்ணீர் மாதிரி ஓடினால் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் ஒரு கால் மணி நேரம் வைத்து மறுபடி அடியுங்கள். கட்டி கட்டியாக நின்றால் வெண்ணெய் அதிகக் குளிர்ச்சி என்று அர்த்தம், பாத்திரத்தின் வெளிப்புறத்தை வெந்நீர்த் துணியால் கொஞ்சம் சூடு காட்டுங்கள். எனக்கு இந்த அளவில் மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது, மொத்தம் 2.7 கிலோ. இதையும் முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் திரும்ப அடித்தால் போதும்.

ஃபான்டன்ட் வழவழப்பாக அழகாக இருக்கும். ஆனால் பழக்கமில்லாத கையில் ஓரத்தில் மடிப்பு விழும். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் வேர்த்துப் பிசுபிசுக்கும். நாலு வருடம் பட்டர்கிரீம் பூசிய கை உங்களுடையது, 7 வாரத்தில் புதுக் கை எதற்கு?

கர்ட் பற்றி. எனக்கும் எலுமிச்சை கர்ட் என்றால் உயிர். ஆனால் கீழ் அடுக்குகளில் வேண்டாம். மேலே இருக்கும் எடை அழுத்தும்போது அது வழுக்கும், தட்டுகள் நகரும். முட்டையும் வெண்ணெயும் சேர்ந்தது என்பதால் வெளியே வெகுநேரம் வைக்கவும் கூடாது. மேல் 15 செ.மீ அடுக்கில் மட்டும், ஓரத்தில் பட்டர்கிரீமால் வரப்புக் கட்டி, நடுவில் மெலிதாகப் பரப்புங்கள். கீழே இரண்டிலும் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் காய்ச்சி எலுமிச்சைச் சாறு கலந்த பாகைத் தட்டில் தடவி, கிரீமில் தோலைத் துருவிப் போடுங்கள். வாசனை குறையவே குறையாது.

இனி அடுக்குவது. நான் தப்புச் செய்த இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். கீழ் அடுக்கின் கேக் மேல் அடுக்கைத் தாங்காது. தாங்குவது உள்ளே இறங்கும் குச்சிகள். ஒவ்வொரு அடுக்கும் அதே அகலமுள்ள ஒரு கேக் போர்டின்மேல் (கேக்குக்கு அடியில் வைக்கும் கெட்டி அட்டை) இருக்க வேண்டும். அந்தப் போர்டு கீழே உள்ள குச்சிகளின் தலையில் உட்காரும். 25இல் ஆறு குச்சி, 20இல் நாலு குச்சி, மேலே வரும் போர்டின் வட்டத்துக்கு உள்ளேயே அடங்குகிற மாதிரி. நான் ஒவ்வொரு குச்சியையும் அது இறங்கிய இடத்தில் கேக் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு வெட்டினேன். கேக்கின் மேற்பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அங்கங்கே 3, 4 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்திருக்கிறது. குச்சிகளும் அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தன. இரண்டு மணி நேரத்தில் மேல் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை, ஆனால் அன்று எடுத்த ஒவ்வொரு படத்திலும் அந்தச் சாய்வு தெரிகிறது.

நீங்கள் ஒரு குச்சியைக் கேக்கின் உயரமான இடத்தில் இறக்கி, பென்சிலால் குறித்து, வெளியே எடுத்து வெட்டுங்கள். அந்த அடுக்கின் மற்றக் குச்சிகள் எல்லாவற்றையும் அதை வைத்தே ஒரே நீளமாக வெட்டுங்கள். எங்காவது ஒரு குச்சி மில்லிமீட்டர் தூக்கி நின்றால் நிற்கட்டும், போர்டுக்கடியில் கிரீம் அதை மூடிவிடும்.

நாள் கணக்கு என் மனதில் இப்படி இருக்கிறது. இரண்டு நாள் முன்பு காலை: உருகிய தட்டுகளைச் சீவி, கிரீம் வைத்து, உதிரி ஒட்டாமல் இருக்க மெல்லிய முதல் பூச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். அன்று மாலையே இரண்டாம் பூச்சு. முந்தின நாள் காலை: குச்சிகள், ஓர வேலை, பெட்டியில் போட்டு மூடுவது. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு நாடாவை எடுத்து ஃப்ரிட்ஜை அளந்து பாருங்கள். 25 செ.மீ கேக்குக்கு 30 செ.மீ போர்டும் பெட்டியும் வேண்டும். நான் இதை யோசிக்காமல் கடைசியில் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்டு வாங்கினேன்.

பொன்னிறம்

25 செ.மீ அமுங்கியதற்கு மட்டும் என் பதில். 9 வருடமாக ஆர்டருக்குச் சுடுகிறேன், பெரிய டின்னில் எல்லோருக்கும் முதலில் நடப்பது இதுதான். டின்னின் ஓரம் சூட்டை உடனே வாங்கும், நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரம் ஆகும். ஓரம் வெந்து நின்றுவிட்ட பிறகும் நடு எழும்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஓரத்தின் நிறத்தைப் பார்த்து வெளியே எடுத்தால், வேகாத நடு உட்கார்ந்துவிடும்.

180ஐ 160 ஆக்குங்கள், நேரம் கூடட்டும். பழைய பருத்தித் துணியைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, ஃபாயிலில் மடித்து டின்னைச் சுற்றிக் கட்டுங்கள். ஓரம் மெதுவாக வேகும், மேலே மேடும் விழாது. ஆழமாக ஊற்றி ஒரே கேக்காகச் சுட்டு நடுவில் அறுப்பதைவிட, மெல்லிய தட்டாக மூன்று தடவை சுடுவது நல்லது. முக்கால் நேரம் ஆகும்வரை கதவைத் திறக்க வேண்டாம். குச்சி குத்திப் பார்ப்பதோடு நடுவில் வெப்பமானியும் வைத்துப் பாருங்கள். 96, 97 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

பேக்கிங் பவுடரை மற்றதோடு சேர்த்து அப்படியே 1.56 மடங்காக்காமல் ஒரு சிட்டிகை குறைத்துப் பாருங்கள். என் கையில் அது நன்றாக வருகிறது. இன்னும் இரண்டு ஒத்திகையாவது பாருங்கள் மா, அதே ஓவனில், அதே டின்னில்.

ரசமட்டம்

நான் கேக் சுட்டதில்லை. என் அக்கா கல்யாணத்தில் அவள் செய்த கேக்கைக் கொண்டுபோய் அடுக்கி வைத்த தம்பி நான். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மூன்று அடுக்கையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோங்கள், அங்கே போய் அடுக்கலாம். கார் சீட்டில் வைக்கவே வேண்டாம். பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் சீட் பின்பக்கம் சரிந்திருக்கும். பின்னால் சாமான் வைக்கும் தளத்தில், வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு அதன்மேல் வைத்தோம். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்னாலேயே ஏசி போட்டுக் காரைக் குளிர வைத்தோம். கேக் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும், கிரீம் கல் மாதிரி இருக்கும்போதுதான் தூக்க முடியும். 40 நிமிடப் பயணம் என்றால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் வளைவுகளில் அவ்வளவு மெதுவாகப் போனேன்.

கையில் ஒரு பை கொடுத்தனுப்புங்கள்: பைப்பிங் பேக்கில் மிச்சக் கிரீம், வளைந்த ஸ்பாட்டுலா, சூடான தண்ணீர் ஃபிளாஸ்க், டிஷ்யூ, கத்தி, உபரிக் குச்சி இரண்டு, உபரிப் பூ. நடு அடுக்கை வைக்கும்போது என் கட்டைவிரல் கிரீமில் பதிந்துவிட்டது. ஸ்பாட்டுலாவை வெந்நீரில் நனைத்துத் துடைத்து மட்டம் செய்து, அந்த இடத்தில் ஒரு ரோஜாவை வைத்தேன். அக்காவிடம் மறுநாள்தான் சொன்னேன்.

மேஜையை அடுக்குவதற்கு முன்பே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் புல்தரை சமமாக இருக்காது. எங்களுக்கு ஒரு காலுக்கடியில் மரத்துண்டு வைக்க வேண்டி வந்தது. கொத்தனார் வைத்திருப்பாரே, அதே ரசமட்டம்தான், அதனால்தான் இங்கே என் பெயரும்.

இந்த வேலையை யாரிடம் தரப்போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்து, ஒத்திகையின்போது அவரையும் ஒரு தடவை அடுக்கச் சொல்லுங்கள். அக்கா எனக்கு அட்டைப் பெட்டிகளை வைத்துக் காட்டினாள், அது போதவில்லை. நிஜக் கேக்கின் எடை கைக்குத் தெரிய வேண்டும்.

எலுமிச்சை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்றடுக்கு அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டிவிட்டேன். கர்ட்டை விடத்தான் மனசில்லை, ஆனால் மேல் அடுக்கில் மட்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். நிஜப் பூவை நேராகக் கேக்கில் செருகலாமா? அப்புறம் 4 மணி வெயிலில் பட்டர்கிரீம் தாங்குமா?

மூன்றடுக்கு

செருக வேண்டாம் மா. காம்பிலிருந்து சாறு கேக்கில் இறங்கும். காம்பைப் பூ டேப்பால் இறுக்கிச் சுற்றி, குடிக்கும் குழலைச் சின்னதாக வெட்டி அதற்குள் வைத்து, குழலைக் கேக்கில் இறக்குங்கள். வெட்டும்போது குழல்களை எண்ணி எடுத்துவிடச் சொல்லுங்கள். ரோஜா நல்லது. அரளி வேண்டவே வேண்டாம், அதில் எல்லாப் பாகமும் விஷம். ஹைட்ரேஞ்சியா, டாஃபடில், லில்லி ஆஃப் த வேலி இவையும் விஷமுள்ளவை, படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கும் பூ மருந்து அடித்ததாக இருக்கலாம், மருந்து அடிக்காமல் வளர்த்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வெயில் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 30 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய்க் கிரீம் நிற்காது, வெண்ணெய் உருகும் சூடு அதற்குச் சற்று மேலேதான். கேக்கை 4 மணியிலிருந்து வெளியே காட்சிக்கு வைக்காமல், குளிர்ந்த அறையில் அடுக்கி வைத்துவிட்டு, வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் நிழலுக்குக் கொண்டுவரட்டும். கர்ட் இருக்கும் மேல் அடுக்கு ஃப்ரிட்ஜுக்கு வெளியே மொத்தமாக 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வெளிச்சூடு 32ஐத் தாண்டிய நாளில் 1 மணி நேரம். கார்ப் பயணம் அந்தக் கணக்கில் வரும், ஆகவே அங்கே ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கர்ட்டை முழுவதுமாக விடுங்கள்.

எலுமிச்சை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது ஒத்திகை முடிந்தது. 160 டிகிரி, துணிப் பட்டை, மெல்லிய தட்டு. 25 செ.மீ தட்டு மூன்றும் நடு அமுங்காமல் வந்தன, மேலே சீவ வேண்டியதே அரை செ.மீதான். தோட்டத்தில் கேட்டேன், உள்ளே ஃப்ரிட்ஜ் இருக்கிறது, ஆனால் அடுக்கிய கேக் நுழையாது. மேல் அடுக்கு மட்டும் போகும். அதனால் கீழ் இரண்டையும் குளிர்ந்த அறையில் அடுக்கிவிட்டு, மேல் அடுக்கைக் கடைசியில் வைப்பதாகத் தீர்மானம்.

அதை வைக்கப்போவது என் சித்தப்பா. நேற்று ஒத்திகைக் கேக்கில் அவரே பத்துக் குச்சியும் வெட்டினார், அடுக்குக்கு அடுக்கு ஒரே நீளம். ராத்திரி முழுவதும் மேஜையில் விட்டுப் பார்த்தோம், காலையில் ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே நின்றது. 20 செ.மீ தட்டுகளை அம்மா தான் சுடுவதாகச் சொல்லிவிட்டார். டின்னை எடுத்து நெளிந்த ஓரத்தைத் தட்டி நிமிர்த்தப் பார்த்தார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடு ஷெல்ஃபைக் கழற்றி எடுத்துவிட்டேன். 25 செ.மீ பெட்டி உள்ளே போகிறது, கதவும் மூடுகிறது.